நாற்காலியைக் கீழே இறக்குங்கள்

கேள்வி: நகரத்தில் ஒரே தெருவில் 31 வருடமாக இருக்கிறேன். தனி வீடுகளெல்லாம் இடிபட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன, எங்கள் வீடு உட்பட. இப்போது எனக்கு ஐந்தாவது மாடி. பால்கனியில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. "வேவு பார்த்தது போதும், வித்துட்டு எங்ககூட வந்துடும்மா" என்கிறான் மகன். விற்றுவிடலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: விற்கிற பேச்சை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள் அம்மா. மகன் கேட்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முகம் தெரியவில்லை என்கிறீர்கள். ஐந்தாவது மாடியிலிருந்து பார்த்தால் உச்சந்தலைதான் தெரியும்! டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கேல் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். மூன்றாம் மாடிக்கு மேலே போகப்போகத் தெருவோடு நமக்குள்ள தொடர்பு தளர்ந்து, ஐந்தைத் தாண்டினால் அறுந்தே போகிறது என்பது அவர் கணக்கு. நீங்கள் விளிம்பில் இருக்கிறீர்கள்.

இன்னொன்று, வண்டிகள். டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் 1970ஐ ஒட்டி சான்பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். ஒன்றில் நாளைக்கு 2,000 வண்டி, அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள். நெரிசல் தெருவில் 0.9, அதாவது ஒரு முழு ஆள்கூட இல்லை. 'உங்கள் இடம் எதுவரை' என்று கேட்டதற்கு, அமைதியான தெருக்காரர்கள் தெரு முழுவதையும் காட்டினார்கள். நெரிசல் தெருக்காரர்கள் தங்கள் கட்டடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதனால் 'இந்தக் காலத்து ஜனங்களே இப்படித்தான்' என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். (நான் மட்டும் என்ன ஒழுங்கு? எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியவந்ததே லிஃப்ட் நடுவில் நின்றுபோன அன்றைக்குத்தான்.)

மாலையில் நாற்காலியைக் கீழே கேட் பக்கம் போடச் சொல்லுங்கள். கையில் பொட்டலத்தோடு, போனையும் கதவு எண்ணையும் மாறிமாறிப் பார்த்து நிற்கும் டெலிவரி பையன் ஒருவன் கட்டாயம் வருவான். எந்த வீடு எந்தக் கட்டடமானது என்பது அந்த போனைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நாலு நாளில் அவனே வண்டியை நிறுத்தி உங்களிடம்தான் கேட்பான். பள்ளி வேனுக்குக் காத்திருக்கும் தாய்மார்களும் அங்கேதான் நிற்பார்கள். 'அந்தக் காலத்துல இங்க ஒரு வேப்பமரம்' என்று மட்டும் முதல் நாளே ஆரம்பித்துவிடாதீர்கள், அவர்களாகக் கேட்கட்டும்.

வேவு என்கிற பேச்சுக்கும் இனி இடமில்லை. மேலே இருந்தால் நீங்கள் மட்டும் பார்க்கிறீர்கள். கீழே வந்தால் அவர்களும் உங்களைப் பார்ப்பார்கள், கணக்கு நேராகிவிடும்.

பழைய அக்கம்பக்கம் திரும்பி வராது, அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. ஆறு மாதம் உட்கார்ந்தும் ஒருவர்கூட நின்று பேசவில்லையா, தாராளமாக மகனிடம் போங்கள். போவதற்கு முன் அவர் வீடு எத்தனையாவது மாடி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.