வயது வரம்பு இல்லை என்பது ஆறுதலா?

கேள்வி: எனக்கு 28 வயது. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தேன். 2022, 2024, 2025 என மூன்று முறை அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதியும் கிடைக்கவில்லை. தினமும் மதுரை நூலகத்துக்குப் போகிறேன், வருகிறேன். எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்றே தெரியவில்லை. பட்டதாரி என்பதால் எனக்கு வயது வரம்பு இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், மேலூர்

பதில்: தம்பி, நீங்கள் எழுதியது நான்கு பக்கம். இடம் இல்லாமல் சுருக்கியிருக்கிறேன். கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் எந்த ஜன்னலோரம் உட்காருவீர்கள், மதியம் டிபன் பாக்ஸில் என்ன சாதம் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் எழுதவில்லை. மூன்று தேர்விலும் என்ன மதிப்பெண் வந்தது?

இன்றைக்கு ராத்திரியே அதை ஒரு தாளில் எழுதுங்கள். 300-க்கு எவ்வளவு, உங்கள் பிரிவில் எத்தனையாவது இடம். முறைக்கு முறை ஏறியிருக்கிறது, கட்-ஆஃபுக்கு நான்கைந்து கேள்விதான் குறைகிறது என்றால் தைரியமாக இன்னொரு முறை எழுதுங்கள். மூன்று முறையும் அதே இடத்தில்தான் நிற்கிறது என்றால், நான்காவது முறையும் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன மாறப்போகிறது? 2025-இல் முதலில் அறிவித்தது 3,935 இடங்கள். பிறகு கூட்டினார்கள், சரி. ஆனால் விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் மக்குகளா? நீங்களும் இல்லை.

எனக்குப் பயமே அந்த ஆறுதல்தான். இடஒதுக்கீட்டுப் பிரிவுப் பட்டதாரிகளுக்கு குரூப் 4-இல் பெரும்பாலான பதவிகளுக்கு உச்ச வயது இல்லை என்பது நல்ல சலுகை. ஆனால் அரசு கதவைச் சாத்தாதவரை, எப்போது எழுந்திருப்பது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போடுங்கள். அதற்கு மேல் படிப்பு இல்லை.

அப்புறம், மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் 'வெட்டியாக' மாமாவின் மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்காருவீர்களாம். கருகிய காயிலை வெட்டி எடுத்து, சுற்று எண்ணி, புதுக் கம்பி போட்டு, வார்னிஷ் ஊற்றிக் காய வைப்பதை அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் காலை போர் மோட்டார் தண்ணீர் தூக்கியதும் அந்த விவசாயி போன் செய்து 'தண்ணி வந்துருச்சு தம்பி' என்றதை எழுதும்போது உங்கள் கையெழுத்தே பெரிதாகியிருக்கிறது. நான்கு பக்கத்தில் அங்கே மட்டும்தான் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

ஆயுசுக்கும் காயில் கட்டுங்கள் என்று சொல்ல வரவில்லை. மூன்று மாதம் காலையிலேயே கடைக்குப் போங்கள். மாமாவிடம் சம்பளம் கேளுங்கள். குறைவாகவே கொடுக்கட்டும், ஆனால் கேட்டு வாங்குங்கள். சம்பளம் வாங்கும் வேலையில்தான் அது நமக்குப் பிடிக்கிறதா, பொழுதுபோக்காக மட்டும் பிடித்ததா என்று தெரியும். பிடித்தால் அரசு ஐ.டி.ஐ-யில் எலக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடம். தமிழ்நாட்டில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இன்ஜினீயரிங் முடித்தவன் ஐ.டி.ஐ-க்குப் போவதா என்று நாலு பேர் கேட்பார்கள். மேலூர் சுற்றுவட்டாரத்தில் ஒரு மோட்டார் எரிந்துபோனால் அந்த நாலு பேரும் யாரைத் தேடுவார்கள்?

கஷ்டமானது அப்பாவிடம் சொல்வதுதான். டீக்கடையில் அவர் 'பையன் பரீட்சைக்குப் படிக்கிறான்' என்று சொல்வதைக் கேட்டு ஒதுங்கிப் போனதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து மனசு கனத்துவிட்டது. மதிப்பெண் எழுதிய தாளோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருக்கும் இது ஓரளவு தெரிந்திருக்கும். நீங்களே சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரோ என்னவோ. பேசிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.