பெற்ற குட்டியையும் குஞ்சையும் கைவிடும் விலங்குகள், பறவைகள்: கேள்வி பதில்

கேள்வி: நான் வளர்க்கும் ஹாம்ஸ்டர் எட்டுக் குட்டிகளை ஈன்று, மறுநாளே இரண்டைத் தின்றுவிட்டது. கூண்டைச் சுத்தம் செய்து அதை மிரள வைத்தேனோ என்று வருத்தமாக இருக்கிறது.

பதில்: ஈன்ற முதல் வாரத்தில் கூட்டைக் கலைக்காதிருப்பது நல்லது, ஆனால் முழுப் பழியையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. 1977இல் வெளியான ஓர் ஆய்வில், வேறு குட்டிகளைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டபோது தாய் ஹாம்ஸ்டர்கள் அதிகமாகத் தின்றன. சிலவற்றை எடுத்துவிட்டபோது குறைவாகத் தின்றன. தன்னால் எத்தனை குட்டிகளுக்குப் பால் கொடுக்க முடியுமோ, அந்த அளவுக்கு அது எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. தின்ற குட்டியின் சத்தும் வீணாவதில்லை.

கேள்வி: கழுகுக் கூட்டில் மூத்த குஞ்சு இளையதைக் கொத்திக் கொல்லும்போது தாய் அருகிலேயே சும்மா இருக்குமாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஆப்பிரிக்காவின் மலைப்பகுதிகளில் வாழும் வெரோ கழுகு பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். முதலில் பொரித்த குஞ்சு, சில நாட்கள் கழித்து வெளிவரும் இளையதை இடைவிடாமல் தாக்கும். ஒரு கூட்டில் மூன்று நாட்களுக்குள் 1,500 தடவைக்கும் மேல் கொத்தியதை ஆய்வாளர் ஒருவர் எண்ணிப் பதிவு செய்திருக்கிறார். கூட்டில் இரை போதுமான அளவு இருந்தாலும் இது நடக்கிறது என்பதுதான் நம்மை உறுத்துகிறது. இரண்டாவது முட்டை ஒரு காப்பீடு என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்: முதல் முட்டை கூமுட்டையானாலோ, மூத்த குஞ்சு நலிந்து போனாலோ, அந்த ஆண்டின் உழைப்பு முழுவதும் பாழாகாமல் இளையது காப்பாற்றும், மூத்தது திடமாக இருந்துவிட்டால் அதற்கு வேலையில்லை. இரண்டு குஞ்சுகளுக்கும் இடையிலான வயது வித்தியாசத்தை உண்டாக்குவதே பெற்றோர்தான். முதல் முட்டை இட்டவுடன் அடைகாக்கத் தொடங்கிவிடுவதால், சண்டையின் முடிவு அப்போதே ஏறக்குறைய எழுதப்பட்டுவிடுகிறது.

கேள்வி: எல்லாப் பறவைகளும் இப்படிச் சும்மா இருந்துவிடுமா?

பதில்: இல்லை. அமெரிக்க நாமக்கோழி நேர் எதிராக நடந்துகொள்ளும், அதுவும் மென்மையாக அல்ல. வளர்க்க முடிகிற எண்ணிக்கைக்கு மேல் முட்டையிடுவதால் பல குஞ்சுகள் தொடக்க நாட்களிலேயே பட்டினியால் சாகின்றன. அதன் பிறகு, பெரிய குஞ்சு இரை கேட்டு ஓடிவந்தால் பெற்றோர் அதன் தலையைக் கவ்வி உலுக்கித் துரத்திவிட்டு, எஞ்சியிருக்கும் சிறியவற்றுக்கு ஊட்டும். அந்த அடி இளையவற்றுக்கான பங்கு என்று புரிந்துகொண்ட பிறகு, அதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கேள்வி: பாண்டா இரட்டைக் குட்டிகளில் ஒன்றைக் கைவிடுவது ஏன்?

பதில்: பிறந்த பாண்டாக் குட்டியின் எடை ஏறத்தாழ 100 கிராம், தாயின் எடையில் சுமார் 900இல் ஒரு பங்கு. கண் திறக்காத அந்த உயிரை இரவும் பகலும் மார்போடு அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும், உண்பதோ சத்துக் குறைந்த மூங்கில். காட்டில் பொதுவாக ஒன்றுதான் பிழைக்கும். சீனாவின் வளர்ப்பு மையங்களில் ஊழியர்கள் குட்டிகளை மாற்றி மாற்றித் தாயிடம் கொடுத்து இரண்டையும் காப்பாற்றுகிறார்கள்.

கேள்வி: முயல் தன் குட்டிகளைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்கிறார்கள். இதுவும் புறக்கணிப்புத்தானே?

பதில்: இங்குதான் நாம் ஏமாறுகிறோம். ஐரோப்பிய முயல் நாளுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டிவிட்டுப் போய்விடும். அடிக்கடி வந்தால் அதன் வாடையே வேட்டை விலங்குகளுக்கு வழிகாட்டிவிடும் என்பதால், விலகியிருப்பதே பாதுகாப்பு. பாலும் அதற்கேற்பச் செறிவாக இருக்கும். வட அட்லாண்டிக்கில் வாழும் ஹூடட் சீல் என்னும் கடல்நாய் இன்னும் அவசரக்காரி. உருகி உடையும் பனிப்பாளத்தின்மேல் நான்கே நாட்கள் கொழுப்பு மிகுந்த பாலைக் கொடுத்துக் குட்டியின் எடையை இரு மடங்காக்கிவிட்டுக் கிளம்பிவிடும். பாலூட்டிகளிலேயே மிகக் குறுகிய பாலூட்டுங்காலம் இதுதான்.

கேள்வி: தந்தைகள்?

பதில்: மீன்களில் பல இனங்களில் முட்டைக்குக் காவல் இருப்பது தந்தையே, அதில் கொஞ்சத்தைத் தின்பதும் தந்தையே. காவலை விட்டு இரை தேடப் போக முடியாதல்லவா!

கேள்வி: கீழே விழுந்த குஞ்சை மனிதர் தொட்டுவிட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாதா?

பதில்: சேர்த்துக்கொள்ளும். நம் கை வாடைக்காகப் பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை. இறகு முளைக்காத குஞ்சானால் கூட்டில் வைத்துவிடலாம். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகும் குஞ்சு பெரும்பாலும் பறக்கப் பழகிக்கொண்டிருக்கும். நீங்கள் விலகி நின்றால்தான் தாய் இரையோடு இறங்கி வரும்.