அம்மாவுக்கு எலும்பு உடைஞ்சா எனக்கும் உடையுமா? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு, ஸ்கேன்ல எலும்பு அடர்த்திய காட்டுற டி ஸ்கோர் மைனஸ் 3.1, ரொம்ப கம்மி. எனக்கு 46 வயசு, எனக்கும் இப்படி ஆகுமா?

பதில்: ஆகியே தீரும்னு இல்லம்மா. ஆளுக்கு ஆள் எலும்பு அடர்த்தி மாறுதுல்ல, அதுல பாதிக்கு மேல பரம்பரைதான்னு இரட்டையர்கள வச்சு பண்ண ஆய்வுல தெரிஞ்சது, ஆனா எலும்பு உடையுறதுக்கு கீழ விழுறது, ஸ்டீராய்டு மாத்திரை, சிகரெட்னு வேற காரணமும் நிறைய இருக்கு. அம்மாவுக்கு இடுப்பு உடைஞ்சத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, ஃபிராக்ஸ்னு ஒரு ரிஸ்க் கணக்கு இருக்கு, அதுல இத தனியாவே கேப்பாங்க.

கேள்வி: லேப்ல விடிஆர் ஜீன் (உடம்புல வைட்டமின் டி வேலை செய்ய உதவுற ஜீன்) டெஸ்ட் எடுக்க சொல்றாங்க, எடுக்கலாமா?

பதில்: வேணாம், அந்த காசுக்கு எலும்பு அடர்த்திய அளக்குற டெக்ஸா ஸ்கேன் எடுங்க. விடிஆர்ல வர்ற சாதாரண மாற்றங்கள பெரிய கூட்டத்துல சோதிச்சப்ப அடர்த்தியோட சம்பந்தமே பெருசா தெரியல. 2019ல பிரிட்டன்ல 4 லட்சம் பேருக்கு மேல குதிகால் எலும்ப அளந்து பாத்ததுல மொத்த டிஎன்ஏவுல எலும்பு அடர்த்தியோட சம்பந்தப்பட்ட 518 இடம் சிக்குச்சு, ஒவ்வொண்ணும் பண்றது துளியூண்டு வேலைதான், அதுவும் அவங்க பெரும்பாலும் வெள்ளக்காரங்க, நமக்கு அப்படியே பொருந்தாது.

கேள்வி: ஒரே ஒரு ஜீன் கெட்டா எலும்பு அளவுக்கு மீறி வளரும்னு படிச்சேன், நெஜமா சார்?

பதில்: சார் இல்லங்க, அக்கா தான் :) நெஜம்தான், எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே இதான். எலும்புக்குள்ள இருக்குற செல்லுங்க ஸ்கிலிரோஸ்டின்னு ஒரு புரோட்டீன் விடும், எலும்பு வளர்ச்சிக்கு அது பிரேக். தென்னாப்பிரிக்காவுல ஆப்பிரிக்கானர் (டச்சு வழி வந்த வெள்ளக்காரங்க) குடும்பங்கள்ல சிலருக்கு அந்த புரோட்டீன செய்யுற ஜீன், அம்மாகிட்ட ஒண்ணு அப்பாகிட்ட ஒண்ணுன்னு வர்ற ரெண்டு காப்பியுமே வேலை செய்யாது, பிரேக் இல்லாம எலும்பு வளந்துட்டே போகும், தாடை பெருசாகும், மண்டை ஓடு தடிச்சு நரம்ப நசுக்கி காது கேக்காம போகும், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கும். பாவம் அந்த பிள்ளைங்க. ஆனா ஒரு காப்பி மட்டும் கெட்டவங்களுக்கு இந்த தொல்லை இல்ல, எலும்பு மட்டும் நல்லா கெட்டியா இருக்கு! இதுல பிடிச்சுதான் ஸ்கிலிரோஸ்டின தடுக்குற ரோமோசோசுமாப் ஊசி வந்துச்சு, அமெரிக்காவுல 2019ல அனுமதி. மாசம் ஒருக்கா, மொத்தம் 12 மாசம், முடிஞ்சதும் வேற மருந்து தொடரலன்னா ஏறின அடர்த்தி இறங்கிடும். ஒரு வருஷத்துக்குள்ள ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு போடக்கூடாது.

கேள்வி: பொண்ணுக்கு 14, பாட்டிக்கு கூன் விழுந்திருக்கு. இப்பவே ஏதாவது பண்ணணுமா?

பதில்: இந்த வயசுதான் முக்கியம், எலும்பு சேர்றது பெரும்பாலும் 20கள்லயே முடிஞ்சிடும். ஸ்கிப்பிங், ஓட்டம், கபடி எதுவா இருந்தாலும் குதிச்சு ஆட விடுங்க, கேழ்வரகு, பால், முள்ளோட நெத்திலி குடுங்க. ஒல்லியாகணும்னு சாப்பாட்ட குறைச்சு பீரியட்ஸ் நின்னா மட்டும் உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.