ஷோகேஸ் போத்தலும் தொதல் மணமும்: விஸ்கி பற்றிச் சில கேள்விகள்

கப்பல் பாரில் பதினைந்து வருடம் கிளாஸ் துடைத்தவன் என்பதால், ஊரில் யார் வீட்டில் நல்ல போத்தல் திறந்தாலும் எனக்குத்தான் போன் வருகிறது. வந்த கேள்விகளில் பாதி ஐஸைப் பற்றியது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

நல்ல விஸ்கிக்கு ஐஸ் போட்டால் லண்டன் மச்சான் திட்டுகிறார். அவ்வளவு பெரிய குற்றமா? (கல்லடி)

மச்சான் இருக்கும் ஊருக்கு அவர் சொல்வது சரி. "அறை வெப்பநிலையில் குடி" என்று ஸ்கொட்லாந்துக்காரன் சொல்லும்போது அவனுடைய அறை 18 பாகை இருந்தால் அதிகம். நம் விறாந்தையில் வைகாசி மாதம் 32. அந்தச் சூட்டில் கிளாஸிலிருந்து முதலில் கிளம்புவது ஸ்பிரிட்டின் காரம்தான். அது மூக்கில் குத்தியபிறகு வேறெதுவும் பிடிபடாது. அதற்காகக் கிளாஸ் நிறைய ஐஸைக் கொட்டினால் மணம் அடங்கிவிடும், நாக்கும் மரத்துவிடும். நான் கிளாஸை மட்டும் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பேன். அப்புறம் 30 மில்லி விஸ்கி, ஒரு தேக்கரண்டி தண்ணீர்.

அந்தத் தண்ணீர் முக்கியம். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017 இல் இதைக் கணினியில் கட்டிப் பார்த்தார்கள். விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான குவாயக்கோல் என்ற பொருள், மதுசாரம் கூடிய கலவையில் உள்ளே அமிழ்ந்து கிடக்கிறது. தண்ணீர் சேரச் சேர மேற்பரப்புக்கு வருகிறது. மூக்கு இருப்பதும் மேலேதானே. ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு விஸ்கி சரியில்லை என்று சொல்லாதீர்கள். குளோரின் மணக்கும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் போதும்.

அண்ணன் 2014 இல் கனடாவிலிருந்து கொண்டுவந்த 12 வருட விஸ்கி உடைக்காமல் ஷோகேஸில் நிற்கிறது. "இப்ப அது இருபது வருசத்தைத் தாண்டிட்டு" என்று இவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். (களுவாஞ்சிக்குடி)

இல்லை, தங்கச்சி. விஸ்கிக்கு வயது ஏறுவது மரப்பீப்பாவுக்குள் மட்டும். போத்தலில் அடைத்த அன்றே வயது நின்றுவிடும். நூறு வருடம் வைத்தாலும் அது 12 வருட விஸ்கிதான். அந்த 12 கூட, உள்ளே கலந்திருப்பவற்றில் ஆக இளையதன் வயது.

இன்னொன்றையும் இவரிடம் சொல்லுங்கள். ஷோகேஸ் ஜன்னலுக்கு எதிரே இருந்தால் வெயில் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும். நம் சூட்டில் தக்கை காய்ந்து, அந்த இடுக்கால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியும் போகும். மட்டம் கழுத்திலிருந்து இறங்கியிருந்தால் காரணம் அதுதான் (இவர் இரகசியமாக இறக்கியிருக்கலாம் என்பது வேறு விஷயம்). அலுமாரிக்குள் இருட்டில் வையுங்கள். வைனைப் போலப் படுக்க வைக்கக்கூடாது, மதுசாரம் தக்கையை அரித்துவிடும். உடைத்தபிறகு பாதிக்குக் கீழே வந்துவிட்டால் சில மாதங்களில் குடித்து முடிப்பது நல்லது.

போத்தல் பெட்டியில் "ஹெதர் பூ, கிறிஸ்மஸ் கேக், தோல் நாற்காலி" என்றெல்லாம் எழுதியிருக்கிறது. எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. என் மூக்கில் பிழையா? (திருக்கோவில்)

ஹெதர் பூவைக் கண்ணால் காணாதவனுக்கு அது எப்படி மணக்கும்? எழுதியவன் தன் ஊர் ஞாபகத்தை எழுதியிருக்கிறான். நீங்கள் உங்கள் ஞாபகத்தைத் தேடுங்கள்.

போர்பன் என்ற அமெரிக்கச் சோள விஸ்கியை, உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒருமுறை பாவித்த பீப்பாய்கள் ஸ்கொட்லாந்துக்குக் கப்பலேறும். அந்த அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணம் தருகிற ஒரு லாக்டோன் இருக்கிறது. அதில் ஊறிய விஸ்கியை மணந்தால் எனக்கு முதலில் வருவது பாணியும் தேங்காய்ப்பாலும் கிண்டி இறக்கிய தொதல். ஷெரி என்ற ஸ்பானிய வைன் இருந்த பீப்பாயில் கிடந்தது என்றால் பேரீச்சம்பழம், முந்திரிகை வற்றல். வறுத்த கஜு மணம் பல போத்தல்களில் உண்டு.

மணக்கிற விதத்தையும் சொல்கிறேன். அடி அகன்று வாய் ஒடுங்கிய கிளாஸ் எடுங்கள், சின்ன வைன் கிளாஸும் சரி. மூக்கை உள்ளே விடாமல் விளிம்பில் வைத்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மெதுவாக இழுங்கள். வாயைத் திறந்தால் காரம் குத்தாது. முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு மட்டும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டாவதை நாக்கில் சில விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். அதற்குப் பிறகு தொண்டையில் மிச்சமிருக்கும் மணம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். நான் ஒரு விஸ்கியை மதிப்பது அந்த நேரத்தை வைத்துத்தான்.

ஒன்று, பொரித்த இறாலையும் மிளகாய்த்தூள் போட்ட கடலையையும் இதெல்லாம் முடிந்தபிறகு கொண்டுவரச் சொல்லுங்கள்.

விலை கூடிய ஸ்கொட்ச் ஒன்று கிடைத்தது. ஆஸ்பத்திரி வார்ட்டுக்குள் போன மாதிரி மணம். போலியா? (காரைதீவு)

லேபிளில் ஐலா என்ற தீவின் பெயர் இருக்கிறதா பாருங்கள். லஃப்ரோயிக், ஆர்ட்பெக் எல்லாம் அந்தத் தீவுதான். சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் மக்கிய செடிகொடியை வெட்டிக் காயவைத்தால் விறகு போல எரியும், அதற்குப் பெயர் பீட். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். புகையில் ஏறும் பீனோல்கள்தான் மருந்து மணத்துக்குக் காரணம். எனக்கு இரண்டு வருடம் பிடிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் தணலில் சுட்ட நண்டோடு குடித்தேன். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விஸ்கி குடித்தால்தான் மதிப்பா? நம் தென்னஞ் சாராயம் அவ்வளவு மட்டமா? (அம்பாறை)

யார் சொன்னது? பாளைக் கள்ளை வடித்து மரத் தொட்டிகளில் வருடக்கணக்கில் முதிர வைத்த தென்னஞ் சாராயத்தை விஸ்கி போலவே கிளாஸில் மணந்து குடிக்கலாம். அந்தத் தொட்டிக்குப் பேர்போன ஹல்மில்ல என்பது நம் பக்கத்துச் சாவண்டலை. வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயரே திருகோணமலை மரம். லேபிளை மட்டும் வாசியுங்கள். தனித் தென்னையா, வேறு ஸ்பிரிட் கலந்ததா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. உங்கள் ஹிங்குராணைப் பக்கம் கரும்பு விளைகிறதே, அப்படியான கரும்பின் கழிவுப்பாகில் வடித்ததற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் விஸ்கி என்று பெயர் வைக்க முடியாது. அங்கே விஸ்கி என்றால் தானியம்.

கோலா கலக்கலாமா? (ஆரையம்பதி)

விலை குறைந்த பிளெண்டில், அதாவது பல வடிசாலை விஸ்கிகளைக் கலந்ததில், தாராளமாக. ஒரே வடிசாலையில் முளைவிட்ட பார்லியில் மட்டும் வடித்த சிங்கிள் மோல்ட்டில் கலந்தால் காசுதான் நட்டம். புழுக்கமான பின்னேரத்துக்கு ஜப்பான்காரர் முறை இன்னும் நல்லது: கிளாஸ் நிறைய ஐஸ், ஒரு பங்கு பிளெண்ட், மூன்று நான்கு பங்கு குளிர்ந்த சோடா. ஒருதரம் கலக்கினால் போதும். மேலே சொன்ன ஐஸ் கணக்கு இதற்குப் பொருந்தாது.

சளிக்கு விஸ்கி நல்லதாமே? (வாழைச்சேனை)

இல்லை. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடியுங்கள்.