கரும்பு ரகத் தேர்வுச் சோதனையில் ஒரு பாத்தி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

200 புதுக் குளோன்கள் (ஒரே செடியிலிருந்து கரணை வைத்துப் பெருக்கிய வகைகள்) இருக்கின்றன, நிலம் குறைவு, 5 மீட்டர் ஒற்றை வரிசை போதுமா, நான்கு வரிசைப் பாத்தி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஒற்றை வரிசையே போடுங்கள். ஆனால் அந்த வரிசையின் எடையை நம்பி எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

விதைக்கரணையே உங்களை அதற்கு மேல் விடாது. குளோனுக்கு ஒரு தூர், அதில் பத்துக் கரும்பு, கரும்புக்கு ஐந்து இருபருக் கரணை (இரண்டு முளைக்கண் உள்ள துண்டு) என்றால் மொத்தம் 100 பரு. மீட்டருக்கு 12 பரு வைத்தால் எட்டு மீட்டர் சாலோடு தீர்ந்துவிடும்.

எடையை ஏன் நம்பக்கூடாது? ஒற்றை வரிசையில் இரு பக்கமும் அந்நிய ரகம். வேகமாக உயர்ந்து தோகை விரிக்கிற குளோன் பக்கத்து வரிசையின் வெயிலைத் தின்றுவிடும். அதன் எடை கூடும், பக்கத்து வரிசையின் எடை குறையும். நான் ஒரு முறை அப்படித்தான் ஏமாந்தேன். ஒற்றை வரிசையில் முதலிடத்தில் நின்ற குளோனை அடுத்த கட்டத்தில் நான்கு வரிசையாக நட்டேன். தன் இனத்தோடேயே போட்டி போட வேண்டி வந்ததும் நடுத்தரத்துக்கு இறங்கிவிட்டது. இரண்டு வருட உழைப்பு. அப்போது ஒதுக்கிய குட்டைக் குளோன்களில் நல்லது ஏதாவது போய்விட்டதோ என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

பிரிக்ஸ், அதாவது சாற்றின் இனிப்பைக் காட்டும் அளவு, அப்படி இல்லை. பக்கத்து வரிசையின் தாக்கம் அதில் மிகக் குறைவு. அதனால் முதல் கட்டத்தில் பிரிக்ஸ், நோய், பூக்கும் தன்மை, தூர்க்கட்டு இவற்றைப் பார்த்துக் கழித்துவிடுங்கள். எடையில் மிக மோசமானதை மட்டும் தள்ளுங்கள்.

20, 30 குளோன்களாகக் குறைந்த பிறகு நான்கு வரிசைக்குப் போங்கள். நடு இரண்டு வரிசையை மட்டும் வெட்டி எடை போடுங்கள். பாதி நிலம் வீணாகிறதே என்று தோன்றும், ஆனால் ஓர வரிசைகள் காவலுக்குத்தான். நீளம் 10 மீட்டர் இருந்தால் நல்லது. நடைபாதை ஓரத்துத் தூர்கள் வெயில் அதிகம் வாங்கிப் பருத்துவிடும். இரு முனையிலும் அரை மீட்டர் ஒதுக்கினால் 10 மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் போகும், 5 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

அதற்கு மேல் நிலம் இருந்தால் பாத்தியைப் பெரிதாக்காமல் ரெப்ளிகேஷனை, அதாவது ஒரே குளோனை வெவ்வேறு இடங்களில் திரும்ப நடும் எண்ணிக்கையை, கூட்டுங்கள். புள்ளியியலாளர் ஃபேர்ஃபீல்ட் ஸ்மித் 1938-இல் சொன்ன விதி இதற்கு உதவும். அடுத்தடுத்த மண் ஒரே மாதிரி இருப்பதால், பாத்தி பெரிதாகும் அளவுக்குப் பிழை குறைவதில்லை. இந்த மண் ஒற்றுமையைக் காட்டும் அவருடைய குணகம் உங்கள் வயலில் 0.5 என்று வைத்துக்கொள்வோம். பாத்தியை நான்கு மடங்காக்கினால் பிழை மாறுபாடு பாதியாகும். அதே நிலத்தை நான்கு ரெப்ளிகேஷனாகப் பிரித்துப் போட்டால் கால் பங்காகிவிடும்.

அப்புறம், சாய்ந்த கரும்பு. பெருங்காற்றுக்குப் பின் பாத்திகள் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக் கிடக்கும். நுனியைப் பிடித்து இழுத்து எடை போட்டால் பக்கத்துப் பாத்தியின் கரும்பும் சேர்ந்து வரும். வெட்டும் ஆட்களோடு நீங்களும் குனிந்து, ஒவ்வொரு கரும்பும் எந்தத் தூரிலிருந்து வருகிறது என்று அடியில் பார்த்துப் பிரித்தெடுங்கள்.