இணையத்தோடு இணைந்த ஸ்மார்ட் கருவிகள் நம் அன்றாட வாழ்க்கையை உண்மையிலேயே மாற்றுமா?

குரல் கொடுத்தால் எரியும் விளக்கெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கிணற்றடி மோட்டாரைப் பாருங்கள். அது ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், அதைப் போட டார்ச்சும் கையுமாக, பாம்புக்குப் பயந்துகொண்டே வரப்பில் நடக்க வேண்டும். இப்போது ஸ்டார்ட்டரோடு சிம் கார்டு போட்ட ஒரு பெட்டியை இணைக்கிறார்கள். கரண்ட் வந்ததும் கைபேசிக்குத் தகவல் வரும். படுத்த இடத்திலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். மும்முனையில் ஒரு முனை (ஃபேஸ்) போனாலோ கிணறு வற்றினாலோ பெட்டியே நிறுத்திவிடும், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகாது. தமிழக வேளாண் பொறியியல் துறை இதற்கு மானியமும் தருகிறது.

பழைய ஆட்டோ ஸ்விட்ச் கரண்ட் வந்தாலே மோட்டாரை ஓட்டிவிடும், வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ வேண்டாமோ. (விவசாய மின்சாரம் இலவசம், யார் கேட்பது?) மண் ஈரத்தை அறியும் சென்சாரும் சேர்ந்தால் அந்த வீணும் குறையும். டவர் கிடைக்காத தோட்டத்தில் மட்டும் மறுபடி டார்ச்தான்.