ஈயச்சொம்பு ரசம் கர்ப்பிணிக்கு ஆகுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஈயச்சொம்பில்தான் ரசம் வைப்போம். பழைய சொம்பு ஓட்டையாகி, ஐந்து வருடம் முன்பு புதிது வாங்கினோம். மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. நான்கு வயதுப் பேரனும் இருக்கிறான். ஈயம் விஷம் என்கிறார்களே? இண்டாலியம் சட்டி, கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவா இவற்றையும் மாற்ற வேண்டுமா?

பதில்: சொம்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நம் பாட்டிமார் ரசம் வைத்தது வெள்ளீயத்தில், அது விஷமல்ல. விஷம் காரீயம். விலை குறைவு என்பதால் அதை வெள்ளீயத்தில் கலந்துவிடுகிறார்கள். புளியும் தக்காளியும் சேர்ந்து கொதிக்கும்போது காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும். நிறமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. காகிதத்தில் தேய்த்துக் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பார்ப்பதை நம்பாதீர்கள், கொஞ்சமாகக் கலந்திருந்தால் பிடிபடாது. ஆய்வகச் சான்று இல்லாத சொம்பு அலமாரியில் அழகாக இருக்கட்டும். ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள்.

வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர்கள் உடல் ஏற்பது சுமார் 10 சதவீதம். சிறு குழந்தைகள் பாதி வரைகூட ஏற்கிறார்கள். நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் போகும். மூளை வளர்ச்சிதான் முதலில் அடிபடும். இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் இன்னும் அதிகமாக உறிஞ்சும் என்பதால், மகள் அந்த மாத்திரைகளை விடக் கூடாது. மகளுக்கும் பேரனுக்கும் ரத்தத்தில் காரீய அளவைப் பாருங்கள். கை நரம்பில் எடுத்த ரத்தமே சரி; விரல் நுனியில் குத்தினால் தோலில் ஒட்டிய தூசியே அளவை ஏற்றிக்காட்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே பயமில்லை என்று அர்த்தமல்ல. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

இண்டாலியத்தையும் நான் மாற்றச் சொல்வேன். பழைய உலோகத்தை உருக்கி வார்க்கும்போது காரீயம் சேர்ந்துவிடலாம். இப்படிச் சில பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்குவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் எச்சரித்தது. மாற்றும்வரை புளிக்குழம்பு, மோர்க்குழம்பு அதில் வேண்டாம். மீந்ததை ராத்திரி அதிலேயே மூடி வைக்கவும் வேண்டாம்.

நான்ஸ்டிக் துணுக்கு வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். வெறும் தவாவைப் பெருந்தீயில் காயவிடுவதுதான் தப்பு. 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு சிதைந்து புகை வரும். சுவாசித்தால் காய்ச்சல், குளிர் நடுக்கம் வரலாம். கீறல் விழுந்ததைத் தூக்கிப்போட்டுவிட்டு இரும்புக் கல் வாங்குங்கள். முதல் நாலைந்து தோசை பிய்யத்தான் செய்யும்.